சின்ன மரப்பெட்டிக்குச் சீக்கிரம் காயும் பாலிஷ்

தேக்கு வெட்டுத் துண்டுகள் மிச்சம் இருந்தன. அவற்றை இழைத்து ஒரு சின்னப் பெட்டி செய்தேன். மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, இரண்டு மூன்று பேனா வைக்கிற அளவு. நீளம் 22 செ.மீ., அகலம் 12, உயரம் 8. தனியாகத் தூக்கி எடுக்கிற மூடி, அதன் நடுவில் ஈட்டி மரத்தில் ஒரு குமிழ். மரவேலை முடிந்தால் முக்கால்வாசி முடிந்த மாதிரி என்று நினைப்போம். பாலிஷ் டப்பாவைத் திறந்த பிறகுதான் மீதிக் கால்வாசி எவ்வளவு இழுக்கும் என்று தெரியும்.

எனக்குத் தனிப் பட்டறை இல்லை. அறுப்பது, தேய்ப்பது, பூசுவது எல்லாம் ஒரே மேசையில்தான். பிசுபிசுப்பான ஒரு பொருளை அங்கே ராத்திரி முழுக்க விட்டால், காலையில் அதன்மேல் மரத்தூள் ஒரு படலமாக ஒட்டியிருக்கும். ஆகவே சீக்கிரம் காய வேண்டும் என்று நான் தேடுவதற்கு அவசரம் பாதிக் காரணம், தூசி மீதிக் காரணம். பூச்சு ஈரமாக இருக்கிற நேரம் குறைந்தால் ஒட்டுகிற தூசியும் குறையும், அடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையும் குறையும்.

டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். விரல் வைத்தால் ஒட்டாத நிலை ஒன்று. அடுத்த கோட் பூசலாம் என்கிற நிலை இன்னொன்று. முழுசாக இறுகி, மேலே ஒரு பொருளை வைத்தாலும் தடம் விழாத நிலை மூன்றாவது. பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் முதல் நேரத்தைத்தான். வேலை செய்கிறவனுக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் மூன்று கோட் பூச வேண்டிய இடத்தில் அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும். மூன்றாவது நேரம் பொருளை உபயோகிக்கப் போகிறவருடைய கவலை. தண்ணீரில் கலந்த பாலியூரித்தேன் (செயற்கைப் பிசின் பூச்சு) அரை மணி நேரத்தில் விரலுக்குக் காய்ந்துவிடும், இரண்டு மணி நேரத்தில் அடுத்த கோட்டும் பூசலாம், ஆனால் முழு உறுதி வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அதன்மேல் கனமான பொருளை வைத்துவிட்டு 'இந்தப் பூச்சு சரியில்லை' என்று சொல்வது நியாயம் இல்லை.

ஏன் சிலது சட்டென்று காய்கிறது, சிலது நாள் கணக்கில் இழுக்கிறது என்பது காய்கிற விதத்தைப் பொறுத்தது. ஷெல்லாக் (அரக்குப் பிசின்), என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் இரண்டும் ஆவியாகிக் காய்கிற ரகம். கரைத்த ஸ்பிரிட்டோ தின்னரோ பறந்து போனால் சரி, மிஞ்சுவதுதான் பூச்சு. ஆளி விதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ், எண்ணெய் பாலியூரித்தேன் இவற்றில் கரைப்பான் பறந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுக வேண்டும். அதை நாம் அவசரப்படுத்த முடியாது. தண்ணீர்ப் பூச்சு இரண்டுக்கும் நடுவில்: தண்ணீர் போனதும், அதுவரை தனித்தனியாக மிதந்த பிசின் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. பால் மாதிரி வெள்ளையாக இருந்தது கண்ணெதிரே தெளிவதைப் பார்க்கலாம்.

ஆவியாகிக் காய்கிற ரகத்துக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. புதிய கோட் பழைய கோட்டின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து அதோடு கலந்துவிடும். ஆகவே நடுவில் கட்டாயமாகத் தேய்க்க வேண்டியதில்லை, தூசி துருத்திக்கொண்டு இருந்தால் மட்டும் லேசாகத் தடவினால் போதும். பின்னால் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் பூசிச் சரிசெய்துவிடலாம். எண்ணெய் பாலியூரித்தேனில் இந்தச் சௌகரியம் கிடையாது. இறுகிய கோட் கரையாது, அதைச் சொரசொரப்பாக்கி விட்டால்தான் அடுத்தது பிடிக்கும்.

பெட்டிக்குப் பூசுவதற்கு முன், அதே தேக்கில் மிஞ்சிய ஒரு பட்டையை 120, 180, 220 என்று நைசு கூடும் வரிசையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பென்சிலால் கோடு இழுத்துப் பிரித்துக்கொண்டேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பூச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் பாதியை ஒரு கோட்டோடு விட்டேன், மீதிப் பாதிக்கு மூன்று கோட். அட்டையில் ஒட்டியிருக்கும் படத்தைவிட இந்தப் பட்டை சொல்கிற சேதி ரொம்ப நம்பகமானது, ஏனென்றால் இது நம் மரம், நம் கை, நம் அறையின் காற்று.

எண்ணெய் பாலியூரித்தேனைச் சரிபாதி டர்பன்டைன் கலந்து துணியால் துடைத்துப் பூசினேன். அழகு என்று பார்த்தால் இதுதான் முதல் இடம். தேக்கின் ரேகை சட்டென்று ஆழமாகத் தெரிந்தது. ஆனால் கோட்டுக்குக் கோட் ஒரு நாள் விட வேண்டியிருந்தது. மெல்லியதாகப் பூசினால் கொஞ்சம் சீக்கிரம் காயும், அதற்கு ஈடாகக் கோட்டின் எண்ணிக்கை கூடும். சாப்பாட்டு மேசைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுப்பேன். இந்தப் பெட்டிக்கு வேண்டாம்.

எண்ணெய் ரகத்தில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். திறந்த வெளியில் ஒற்றையாக விரித்துக் காய விட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

என்.சி. லாக்கர் வேகத்தில் கில்லாடி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரலுக்கு ஒட்டாது, அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் அடுத்த கோட். ஸ்பிரே கேனில் கிடைப்பதால் சின்னப் பொருளின் மூலை முடுக்குகளில் பிரஷ் தடம் இல்லாமல் போய் உட்காரும். அரங்கு அரங்காகத் தடுத்த பெட்டி, செதுக்கிய பொம்மை மாதிரி சாமானுக்கு இதைவிட வசதி இல்லை. இதன் எதிரி ஈரக்காற்று. தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும், பூச்சு பால் வெளுப்பாக மாறும். மழை நாளில் ஸ்பிரே செய்தவர்களுக்கு அந்த வெளுப்பு நன்றாகத் தெரிந்திருக்கும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலந்தால் சமாளிக்கலாம், ஆனால் வேகத்துக்காக லாக்கரை எடுத்துவிட்டு அதை மெதுவாக்கத் தனியாக ஒன்று வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. வாடையும் காட்டமானது. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியாத இடத்தில், கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி: சில ரப்பர், வினைல் சாமான்களிலிருந்து கசிகிற பொருள் இந்த லாக்கரை இளக்கிவிடும். கிடார் வாசிக்கிறவர்கள் ரப்பர் தாங்கியில் வைத்த இடத்தில் லாக்கர் உருகினாற்போல் ஆவதைப் பார்த்திருப்பார்கள். அடியில் ரப்பர் கால் ஒட்டுவதாக இருந்தால் யோசியுங்கள்.

தண்ணீர்ப் பாலியூரித்தேனைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாடை குறைவு, பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவலாம், நிறம் மாறாது. வெளிர் மரத்தை வெளிராகவே வைக்க இதுதான் சரி. தேக்கில் பூசியபோது அதே குணம் எனக்குக் குறையாகப் பட்டது. கட்டம் உயிரில்லாமல், கண்ணாடித்தாள் ஒட்டினாற்போல் இருந்தது. அப்புறம், தண்ணீர் பட்டதும் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரக்கும். பூசுவதற்கு முன்பே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பிய நாரை 320 தாளால் தட்டிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த ரகத்துக்கு ஸ்டீல் வுல் (எஃகு நார்) ஆகாது. அதன் பொடி இடுக்கில் தங்கி, தண்ணீர் பட்டுத் துருப்பிடித்துப் புள்ளி விழும்.

ஷெல்லாக் கட்டத்துக்கு வந்தபோது தீர்மானம் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. அரக்குப் பூச்சியிலிருந்து வரும் பிசின் இது. செதிலாகக் கிடைக்கிறது, ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். வினைல் வருவதற்கு முன் கிராமபோன் தட்டுகளில் சேர்த்ததும், மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல் பளபளப்பு தருவதும் இதே அரக்குதான். மெல்லிய கோட் பத்து நிமிடத்தில் விரலுக்குக் காயும், அரை மணி முக்கால் மணியில் அடுத்தது. தேக்கில் விழுந்ததும் ஒரு தேன் நிறச் சூடு வந்தது.

இதன் பலவீனமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாராயம் சிந்தினால் கரையும். சூடான டம்ளர் வைத்தால் வளையம் விழும். தண்ணீர் நெடுநேரம் நின்றால் வெளுக்கும். அமோனியா கலந்த துடைப்பான் பட்டால் போய்விடும். சமையலறைப் பலகைக்கும் மேசைக்கும் இதைச் சொல்ல மாட்டேன். கண்ணாடியும் சாவியும் போடுகிற பெட்டிக்கு இதில் எந்த ஆபத்தும் இல்லை.

என்னை முழுசாக ஷெல்லாக் பக்கம் தள்ளியது பெட்டியின் உட்புறம். எண்ணெய்ப் பூச்சு எதுவானாலும் மூடிய பெட்டிக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் தங்கும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஊசிப்போன எண்ணெய் வாடை அடித்தால், உள்ளே வைக்கிற துணியும் காகிதமும் அதையே பிடித்துக்கொள்ளும். ஷெல்லாக்கில் ஸ்பிரிட் பறந்துவிட்டால் வாடையும் கூடவே போய்விடுகிறது. இழுப்பறை, நகைப்பெட்டி, மூடி போட்ட எதுவானாலும் வெளியே எதைப் பூசினாலும் உள்ளே ஷெல்லாக் பூசுவதுதான் நல்லது என்பது என் கட்சி.

கரைப்பது சுலபம். 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 24 கிராம் செதில் எடுத்தேன். பிரஷ் வேலைக்கு இது சரியான அடர்த்தி. முதல் கோட்டுக்கு அதில் கொஞ்சத்தை எடுத்து அதே அளவு ஸ்பிரிட் ஊற்றி நீர்த்துக்கொண்டேன். செதிலைத் துணியில் சுற்றித் தட்டிப் பொடித்தால் சீக்கிரம் கரையும். இல்லாவிட்டால் ராத்திரி ஊற விட்டு அவ்வப்போது குலுக்கினால் போதும். அடியில் கட்டியாக உறைந்து உட்காரப் பார்க்கும், அதனால்தான் குலுக்கச் சொல்கிறேன். கண்ணாடி ஜாடிதான் வேண்டும். இரும்பு பட்டால் கரைசல் கறுக்கும். கடைசியில் பழைய மெல்லிய துணியில் வடிகட்டினால் குச்சியும் தூசும் தங்கிவிடும். ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம், அதனால் கையுறை, காற்றோட்டம், பக்கத்தில் நெருப்பு இல்லாமை மூன்றும் இங்கேயும் கட்டாயம்.

செதிலில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு இருக்கும். கரைசலைச் சில நாள் அசைக்காமல் விட்டால் மெழுகு கலங்கலாக அடியில் தங்கி மேலே தெளிவு நிற்கும். ஷெல்லாக்கே கடைசிப் பூச்சு என்றால் மெழுகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதன்மேல் பாலியூரித்தேன் ஏதாவது பூசுவதாக இருந்தால் மெழுகு நீக்கிய செதிலைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் பூச்சு சரியாகப் பிடிக்காது.

ஈட்டிக் குமிழைத் தனியாகச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. ஈட்டியின் நிறம் ஸ்பிரிட்டில் கரையும். ஷெல்லாக் தோய்த்த துணியால் குமிழை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்ததும் துணியில் கருஞ்சிவப்பாகச் சாயம் இறங்கியது. அதே துணியை அப்படியே மூடிப் பக்கம் இழுத்திருந்தால் தேக்கில் ஊதா நிறத்தில் ஒரு தீற்றல் விழுந்திருக்கும், அது மரத்துளைக்குள் போய்விட்டால் எடுப்பது கஷ்டம். ஆகவே குமிழுக்குத் தனித் துணி, தனிக் கிண்ணம். மூடிக்குள்ளிருந்து ஒரு திருகாணியால் பிடிக்கிற மாதிரி வைத்ததால் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம். ஈட்டியில் எண்ணெய் வார்னிஷ் பூசிப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள்: பக்கத்தில் வேறு மரத்தில் பூசியது இறுகியிருக்கும், ஈட்டியில் பூசியது பிசுக்காகவே கிடக்கும். அந்த மரத்தில் இயற்கையாக உள்ள சில பொருள்கள் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்வதைத் தடுக்கின்றன. ஷெல்லாக் ஆவியாகிக் காய்வதால் அதற்கு அந்தத் தடை பொருட்டில்லை. எண்ணெய்ப் பூச்சுதான் வேண்டும் என்றால்கூட முதலில் ஒரு கோட் ஷெல்லாக் கொடுத்து மரத்தை மூடிவிட்டு மேலே போகலாம்.

நேரத்தை மிச்சம் பிடித்ததில் பூச்சுக்கு எவ்வளவு பங்கோ, பூசிய வரிசைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பெட்டியின் பக்கப் பலகைகளுக்குப் பசை போட்டுச் சேர்ப்பதற்கு முன்பே உட்பக்கத்தைப் பூசிவிட்டேன். பலகை தட்டையாகக் கிடக்கும்போது பூசுவது எவ்வளவு சுகம் என்று, மூலைக்குள் பிரஷ்ஷை விட்டுக் கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். மூலையில் தேங்குகிற பாலிஷ் கட்டியாகி மற்ற இடத்தைவிட மெதுவாகக் காயும், அந்தத் தொல்லையும் இல்லை. பசை படும் ஓரங்களில் மட்டும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும், பூச்சின்மேல் பசை பிடிக்காது. அதிலும் ஒரு லாபம். பெட்டியை இறுக்கியபோது உள்ளே பிதுங்கி வந்த வெள்ளைப் பசை, ஷெல்லாக்கின்மேல் இருந்ததால், பாதி காய்ந்ததும் உளி முனையால் நெம்பினால் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

வெளிப்பக்கத்துக்கு ஒரு பிளைவுட் துண்டில் நான்கு திருகாணியை முனை மேலே வருகிற மாதிரி ஏற்றி, அதன்மேல் மூடியை உட்கார வைத்தேன். முதலில் அடிப்பக்கம் பூசிவிட்டு, ஐந்து நிமிடம் விட்டுத் திருப்பி வைத்தால் மேல்பக்கம் தயார். காயும் நேரம் பாதியாகிறது. முனை படும் புள்ளி தெரிவதே இல்லை.

ஷெல்லாக்கைப் பிரஷ்ஷால் பூசுவதில் ஒரு விதிதான்: போன இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. அரை நிமிடத்தில் ஓரம் இறுக ஆரம்பிக்கும், அதில் பிரஷ் மறுபடி பட்டால் இழுவி, வரிவரியாக ஏறும். மென்மையான பிரஷ், குறைவாகத் தோய்த்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே இழுப்பு. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த கோட் பார்த்துக்கொள்ளும். மூடி சின்னதாக இருப்பதால் முதல் கோட்டுக்கு அப்புறம் நான் பிரஷ்ஷை வைத்துவிட்டு, பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் கட்டிய பொதிக்கு மாறிவிட்டேன். பொதியைப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. விமானம் இறங்கி ஏறுவதுபோல் ஓரத்துக்கு வெளியிலிருந்து இறக்கி, ரேகையோடு ஓட்டி, மறுபக்கம் எடுத்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் பொதி அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த கோட்டுக்குத் தயாரா என்று கடிகாரத்தைவிட உப்புத்தாள் சரியாகச் சொல்லும். ஒரு மூலையில் 400 தாளால் லேசாகத் தேய்த்தேன். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் பூசலாம். தாளின் மேல் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு அடைத்தால் இன்னும் உள்ளே ஸ்பிரிட் இருக்கிறது, பொறுக்க வேண்டும். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாலும் தெரியும். கோட் ஏற ஏற இந்த இடைவெளி கூடும், ஏனென்றால் புதிய கோட்டின் ஸ்பிரிட் கீழே உள்ளதையும் இளக்கி அங்கேயும் தங்குகிறது. முதல் இரண்டு கோட்டுக்கு அரை மணி போதும், அதன் பிறகு ஒரு மணியாவது விடுவது நல்லது.

காய்வதை வேகப்படுத்த வெயிலில் வைக்கலாமா என்றால், நான் வைப்பதில்லை. மேலே சட்டென்று தோல் கட்டி, உள்ளே மாட்டிய ஆவி கொப்புளமாகக் கிளம்பும். மின்விசிறி நேராக வீசினால் தூசியைக் கொண்டுவந்து கொட்டும். அறையின் காற்று நகர்ந்தால் போதும், பொருளின் மேல் வீச வேண்டாம். மெல்லியதாகப் பூசுவதைவிட நல்ல வழி ஏதும் இல்லை. ஒரு தடித்த கோட் காய்கிற நேரத்தில் மூன்று மெல்லிய கோட் முடிந்துவிடும், சமமாகவும் உட்காரும்.

சூப்பர் குளூ என்று சொல்கிற சயனோஅக்ரிலேட் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசல் இயந்திரத்தில் பேனா மாதிரி சாமான் கடைகிறவர்கள் அதையே பூச்சாகப் போடுகிறார்கள். நொடிக்கணக்கில் இறுகி, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். விரல் அளவுப் பொருளுக்கு அது அருமை. ஒரு உள்ளங்கைக்கு மேல் பரப்பு இருந்தால் சமமாகப் பரவாது. பருத்தித் துணியால் பூசினால் பசையும் பருத்தியும் சேர்ந்து சூடேறிப் புகையும், கையைச் சுடும், அதனால் காகிதத் துவாலையைச் சின்னதாக மடித்துத்தான் பூசுவார்கள். குமிழுக்கு அதைப் போடலாமா என்று நினைத்தேன். பெட்டியில் மற்ற இடம் மெல்லிய மினுமினுப்பாக இருக்க, குமிழ் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி மின்னினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

வெளியே நான்கு கோட், உள்ளே இரண்டு. பளபளப்பு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்ததால், பூச்சு சில நாள் இறுகிய பிறகு 0000 என்கிற மிக நைசான ஸ்டீல் வுல்லில் மெழுகு தொட்டு ரேகையோடு மெல்லத் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்துவிட்டேன். கண்ணாடிப் பளபளப்பு அடங்கி, கையால் தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. அந்தச் சில நாளும் மூடியைப் பெட்டிமேல் போடவே இல்லை, பக்கத்தில் தனியாகத்தான் வைத்திருந்தேன். விரலுக்குக் காய்ந்த ஷெல்லாக் இரண்டு, அழுத்தமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தோல் பிய்ந்து வரும். மூடி உட்காரும் விளிம்பில் மட்டும் மெழுகை இன்னொரு தரம் தடவினேன்.

மிஞ்சிய கரைசலை ஜாடியில் ஊற்றி, கரைத்த தேதியை மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஷெல்லாக்கும் ஸ்பிரிட்டும் நாளடைவில் வினைபுரிந்து, பழைய கரைசல் எத்தனை நேரம் ஆனாலும் முழுசாக இறுகாமல் பிசுபிசுக்கும். ஆறு மாதம் தாண்டினால் நான் நம்புவதில்லை. எடுத்துப் பூசுவதற்கு முன் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பரப்பி, காய்ந்த பிறகு நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். கெட்டியாக இருந்தால் சரி, நகம் பதிந்தால் புதிதாகக் கரைத்துவிடுவேன்.